ஏழுசாணும் குட்டை சைக்கிளும்

எண்சாண் உடம்பு என்பது ஊருக்கெல்லாம் பொதுவான கணக்கு. அவரவர் கையால் அவரவரை அளந்தால் நெட்டையோ குட்டையோ எல்லோருக்கும் எட்டுச் சாண்தான் வரும். இதை அவள் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் குடிநீர் அலுவலகத்தில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு வாய்த்துடுக்குப் பேர்வழி, "இவங்களுக்கு மட்டும் ஒரு சாண் பிடித்தம் போக மீதியைக் குடுத்து அனுப்பிட்டாங்க போல" என்றான். அன்றிலிருந்து அவள் ஏழுசாண். வயதில் சின்னவர்களுக்கு ஏழுசாண் அக்கா.

குட்டையாய்ப் பிறந்தவர்களுக்கென்று ஊர் இரண்டு பழமொழிகளைத் தயாராக வைத்திருக்கிறது. நல்ல மனநிலையில் இருந்தால், கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. சண்டை என்று வந்துவிட்டால், கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே. இரண்டையும் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. சொல்பவர்கள் என்னவோ அன்றைக்குத்தான் கண்டுபிடித்தது மாதிரி சொல்வார்கள். அவளுடைய அப்பா தச்சர். பிள்ளைகளை நிலைக்கதவில் சாய்த்து நிற்க வைத்துத் தலைக்கு மேலே பென்சிலால் கோடு போடுவார். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவளுடைய கோடு ஒரே இடத்தில் தடித்துக்கொண்டே போனது. "நீ வளரலேன்னா பரவாயில்லை, கதவு வளராம பாத்துக்கறேன்" என்று அப்பா சொன்னார். அந்த ஒரு கேலிக்கு மட்டும் அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை.

மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலை அவளுக்காகவே செய்து வைத்தது மாதிரி இருந்தது. வாசலோரக் குழியின் இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி, மண்ணைத் துடைத்து, எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். மற்றவர்கள் முட்டி போட்டு முதுகு பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். இவள் குனிந்தால் போதும். ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. அவளுக்கு அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் உயிர். வம்புக்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஏன் பத்துப் பேருக்கான தண்ணீர் போகிறது? குழாயெல்லாம் மூடியிருந்தும் மீட்டருக்குள் இருக்கும் குட்டிச் சக்கரம் ஏன் சுற்றுகிறது? விடை கிடைக்கும்வரை அந்த வாசலை விட்டு நகர மாட்டாள். ஒருமுறை தண்ணீரே செலவாகாத ஒரு வீட்டில் கதவைத் தட்டித் தட்டி, கடைசியில் உள்ளே இருந்த பெரியவர் காய்ச்சலில் கிடந்ததைக் கண்டுபிடித்தாள். அவர் பிழைத்து எழுந்ததும் முதல் வேலையாக, இவள் எதற்கு என் வீட்டுத் தண்ணீர்க் கணக்கைப் பார்க்கிறாள் என்று புகார் கொடுத்தார். உலகம் அப்படித்தான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வேலையில் மண் விழுந்தது. மேட்டுத் தெருக்களுக்கு ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தவன் வேலையை விட்டுப் போனான். அந்தப் பகுதியையும் இவளுடைய பகுதியோடு சேர்த்துவிட்டார்கள். சூப்பர்வைசர் இவளைவிட வயதில் சின்னவர், நல்ல பிள்ளை, ஆனால் முடிவெடுத்துவிட்டால் மாற்ற மாட்டார்.

"நடந்து முடியற வேலை இல்லைக்கா. சைக்கிள் ஓட்டறவங்களாலதான் முடியும். உங்களுக்குக் கஷ்டம்னா புகார் ஜன்னல்ல உட்காந்துடுங்க. ஃபேன் இருக்கு, வெயில் இல்லை."

புகார் ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர் இருந்தது. சுவரில் ஒன்றுமில்லை. ஓய்வு பெறும்வரை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்ததும் அவளுக்கு மூச்சு முட்டியது.

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். வண்டிதான் உயரம்" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.

"அப்ப சரி. இந்த மாசம் மேட்டுப் பகுதியை ஒரே நாள்ல முடிச்சு, ஆபீஸ் மூடறதுக்குள்ள புத்தகத்தைக் கொண்டாந்து குடுத்துடுங்க. பாக்கலாம்."

ஓட்டத் தெரியும் என்று சொன்னது முழுப் பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை. சிறுவயதில் அண்ணனின் வண்டியில் குரங்குப் பெடல் போட்டிருக்கிறாள். சீட்டில் ஏறாமல், நடுப் பாருக்கு அடியில் ஒரு காலை விட்டு, உடம்பு ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாக ஓட்டுவது. மற்ற பிள்ளைகள் வளர்ந்து சீட்டில் ஏறினார்கள். இவள் வளரவில்லை, ஏறவில்லை. நாற்பத்து மூன்று வயதில் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு மேட்டுத் தெருவில் போனால் ஊரே வேலையை விட்டு வேடிக்கை பார்க்கும்.

அவளுடைய கணவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவர். ஆள் நெடுநெடுவென்று இருப்பார். வீட்டில் பல்பு மாற்றுவது அவர் இலாகா, கட்டிலுக்கு அடியில் உருண்டதை எடுப்பது இவள் இலாகா. அவருடைய சைக்கிளில் சீட்டை அடிமட்டம்வரை இறக்கிப் பார்த்தார்கள். பெடல் கீழே போகும்போது இவள் கால் அதற்கு விடைகொடுத்து அனுப்பிவிட்டு, அது மேலே வரும்வரை காத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் ஸ்டோர் அறைக்குக் கொக்கி மாற்றப் போனாள். துருப்பிடித்த குழாய்களுக்குப் பின்னால் ஒரு ஹேண்டில்பார் தெரிந்தது. இழுத்தால், பின்னாலேயே ஒரு முழு சைக்கிளும் வந்தது. குட்டையாக இருந்தது.

"சின்னப் பிள்ளைங்க வண்டி. யாரோ போட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார் ஸ்டோர்க்காரர்.

"சின்னப் பிள்ளைக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய கேரியர்?"

அவர் புதிதாக வந்தவர், அவருக்கு எப்படித் தெரியும். ஏழுசாண் சுற்றிச் சுற்றி வந்தாள். அடியில் சுருள் கம்பி வைத்த அகலமான தோல் சீட். டைனமோ விளக்கு. பெரியவர்கள் கைக்கேற்ற பிரேக். எல்லாம் பெரியவர்களுடையது, வண்டி மட்டும் சிறியது. சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதங்களும் தரையில் முழுசாகப் பதிந்தன. வாழ்க்கையில் முதல்முறை. ஸ்டோர்க்காரர் மட்டும் பக்கத்தில் இல்லையென்றால் அவள் அழுதிருப்பாள். இது கணக்கிலேயே இல்லாத பொருள், எடுத்துக்கொண்டு போனால் எனக்கு இடம் மிச்சம் என்று அவரும் சொல்லிவிட்டார்.

டயர்கள் மொட்டையாகி, வெடித்துக் கிடந்தன. சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கடைக்காரர் வண்டியைத் தலைகீழாக நிறுத்திவிட்டு, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்.

"இது விளையாட்டு இல்லைம்மா. குட்டையானவங்களுக்குன்னே உக்காந்து யோசிச்சுப் பண்ணினது. சும்மா ஃபிரேமை மட்டும் சின்னதாக்கினா, திருப்புறப்போ முன்சக்கரம் கால்ல இடிக்கும். அதனால சக்கரத்தையும் சின்னதாக்கியிருக்கான். கால் குட்டைங்கறதால பெடல் தண்டையும் குறைச்சிருக்கான். சின்னச் சக்கரம்னா நிறைய மிதிக்கணும்ல, அதுக்காக இந்தப் பல்சக்கரத்தை மட்டும் பெருசாக்கியிருக்கான் பாரு."

யாரோ ஒருவன், எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, தன்னைப் போன்ற ஒருத்தியின் முழங்காலைப் பற்றி யோசித்திருக்கிறான். அவளுக்கு அதை நம்பவே முடியவில்லை.

"ஆனா ஒண்ணு இடிக்குதே" என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "இந்த மாதிரித் தோல் சீட்ல நாலு வருஷம் உக்காந்தா ரெண்டு குழி விழும். இதுல விழலை. பெடல் ரப்பர்ல வரிகூட அழியலை. ஆனா டயர் மொட்டை. இடது கைப்பிடி தேஞ்சு இரும்பு தெரியுது. சீட்டோட பின்விளிம்புல ஒரு இடம் மட்டும் கை பட்டுப் பட்டு மினுங்குது. யாரும் ஏறாத வண்டி எப்படிம்மா இவ்வளவு தூரம் ஓடியிருக்கும்?"

அவளுக்கு இது போதாதா? அன்றிரவு ஏழுசாண் சாப்பாட்டில் உப்பு இல்லாததைக்கூடக் கவனிக்கவில்லை.

புது டயர் போட்டு வந்ததும் கடைச் சந்திலேயே ஏறிப் பார்த்தாள். நான்கு மிதி மிதிப்பதற்குள் வண்டி வலப்பக்கம் சாய்ந்து, அவள் ஒரு டின் அடுக்கின் மேல் விழுந்தாள். செயின் சரியில்லை என்றாள். செயின் மாற்றினார்கள். அப்புறம் பிரேக் கட்டை. அதற்குள் வண்டிக்குச் சொந்தக்காரர் யார் என்ற ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டே இன்னும் இரண்டு சைக்கிள் கடைகளுக்குப் போனாள். தள்ளிக்கொண்டே அலுவலகத்துக்குப் போய் ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டாள். கணவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"வண்டி யாருதுன்னு கண்டுபிடிக்கறதுலயே மாசம் முடிஞ்சுடும் போலிருக்கே. ஏறி ஓட்டறது எப்போ?"

"தெரியாத வண்டியில எப்படிங்க ஏறுறது?"

"நான் தினமும் தெரியாதவங்களைத்தான் ஏத்தறேன்" என்றார் லிஃப்ட்காரர்.

கடைசியில், ஓய்வு பெற ஆறு மாதமே இருந்த பியூன் வாயைத் திறந்தார். "அட, அது பழைய ரீடர் ஐயா வண்டி. மேட்டுப் பகுதி அவருதுதான். வண்டி எப்பவும் அவர் பக்கத்துலயே வரும், நாய்க்குட்டி மாதிரி. ஏறி ஓட்டலாமேன்னா ஒரு நாள் பஞ்சரும்பார், ஒரு நாள் பாரம்பார், ஒரு நாள் எதிர்க்காத்தும்பார். இன்னும் அந்த மேட்டு மேலதான் குடியிருக்கார்."

மேட்டுத் தெருவின் உச்சியில், இறக்கம் தொடங்கும் இடத்தில் அந்த வீடு. ஏழுசாண் வண்டியைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தபோது மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அடுத்த நிமிடம் வாசலில் நின்றார். அவளுடைய கண்ணுக்கு நேரே அவருடைய கண் இருந்தது. பெரியவர்களோடு பேசும்போது கழுத்து வலிக்காமல் இருப்பது அவளுக்குப் புது அனுபவம்.

"இதை எங்கேர்ந்தும்மா கிளப்பிக்கிட்டு வந்த?" என்றார், பேயைப் பார்த்தவர் மாதிரி.

அவள் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். குழி விழாத சீட்டைச் சொன்னாள், தேய்ந்த டயரைச் சொன்னாள். "நீங்க இதுல ஏறவே இல்லையா ஐயா?"

"மெதுவா பேசும்மா, வீட்டுக்காரி மேல இருக்கா." தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எனக்கு ஓட்டவே தெரியாது. சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சாத்தான் இந்த வேலைன்னாங்க. தெரியும், ஆனா வண்டியெல்லாம் உயரம்னு சொல்லிச் சேந்துட்டேன். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்ங்கற கதைதான். ஆனா அப்ப இருந்த பெரிய அதிகாரி தங்கமான மனுஷன். எங்கெங்கயோ எழுதிக் கேட்டு, என் உயரத்துக்குன்னே இதை வரவழைச்சுட்டார். கூடத்தையே நேராக்கிக் குடுத்துட்டாங்கம்மா! அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?"

ஏழுசாணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கத்துக்கிட்டிருக்கலாமே ஐயா?"

"முதல் வாரம் வெட்கம். அடுத்த வாரம், இத்தனை நாள் என்ன பண்ணினேன்னு கேப்பாங்களேன்னு பயம். இருபது வருஷம் இப்படியே தள்ளிட்டேன். வீட்ல தினமும் சொல்லுவேன், இன்னைக்கு இறக்கத்துல சும்மா விட்டேன், காத்து அப்படியே ஜிலுஜிலுன்னு வந்துச்சுன்னு." பிறகு அவளை உற்றுப் பார்த்தார். "நீ இதுல எவ்வளவு தூரம் ஓட்டியிருக்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. நான் ஒன்றும் உங்களை மாதிரி இல்லை, எனக்கு ஓட்டத் தெரியும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள். பாதி இறக்கம் வந்தபிறகுதான் தன் கைகளைப் பார்த்தாள். இடது கை அந்த இரும்பு தெரியும் பிடியில் இருந்தது. வலது உள்ளங்கை சீட்டின் அந்த மினுங்கும் இடத்தில், அளவெடுத்து வைத்தது மாதிரி, உட்கார்ந்திருந்தது. ஊரெல்லாம் போய், இந்த வண்டியில் ஏறாமல் இருந்தது யார் என்று விசாரித்தவள் அவள்தான். அத்தனை தெருவுக்கும் தள்ளிக்கொண்டு போனவளும் அவள்தான். நடுத்தெருவில் நின்று வெட்கப்பட்டாள்.

அன்று மாலை கணவரிடம் போய், "எனக்கு பயமா இருக்கு. உயரமெல்லாம் ஒண்ணுமில்லை" என்றாள். அவர் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரியின் பின்முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். குரங்குப் பெடலில் பழகிய உடம்பு ஒரு பக்கமாகவே வண்டியைத் தள்ளியது. நேராக உட்கார்ந்தால் விழுந்துவிடுவோம் என்று அதற்கு அத்தனை வருஷமாக நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உடைக்க இரண்டு முழங்காலும் ஒரு முழங்கையும் ஒரு சுற்றுச்சுவரின் மூலையும் செலவாயின. ஒரு நாள் காலையில், அவர் பிடியை விட்டுவிட்டுப் பின்னால் நின்று கைதட்டுவது கேட்டபோதுதான் தானாகப் போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

ஆனால் சமதரை வேறு, மேட்டுத் தெரு வேறு. ரீடிங் நாளன்று ஏற்றத்தில் மிதித்தே ஏறினாள். இறக்கம் வரும்போதெல்லாம் மெல்ல இறங்கித் தள்ளினாள். அதில்தான் நேரம் போனது. உச்சியில் இருந்த கடைசி வீட்டுக்கு வந்து மூடியைத் தூக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கீழே அலுவலகத்துக் கூரை தெரிந்தது. இந்த இறக்கத்தையும் தள்ளிக்கொண்டு போனால் அலுவலகம் மூடியிருக்கும், நாளையிலிருந்து புகார் ஜன்னல்தான்.

எண்ணை எழுதி நிமிர்ந்தாள். பழைய ரீடர் பெரியவர் எதிரே நின்றார். அன்று வெடுக்கென்று பேசியதை இருவரும் மறந்தது மாதிரி இருந்துகொண்டார்கள்.

"ஓட்டிக்கிட்டா வந்த?" குரல் குழைந்தது. "ஒண்ணு கேக்கணும்மா. இறக்கத்துல மிதிக்காம சும்மா விட்டா, உண்மையில எப்படி இருக்கும்?"

"தெரியலை ஐயா. இறக்கத்தையெல்லாம் தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன்."

அவருடைய முகம் வாடியது. அதற்குள் அவருடைய மனைவி படியிறங்கி வந்துவிட்டார். வந்தவரின் கண் நேராக ஏழுசாணின் கால்பக்கம் போனது.

"ஐயோ, துணி ஓரமெல்லாம் செயின் மை. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ச்சுட்டுத் துவைம்மா, போயிடும். பக்கத்து வீட்டுக்காரி அப்படித்தான் பண்ணுவா. அவ புருஷன் சைக்கிள்ல போறவரு."

"ஏன், நானும் சைக்கிள்..." என்று பெரியவர் ஆரம்பித்தார்.

"இருபது வருஷம் உங்க பேன்டைத் துவைச்சிருக்கேன். ஒரு நாளாவது மை பட்டிருக்கா? செருப்புதான் மாசத்துக்கு ஒண்ணு தேஞ்சுது. துவைச்சவளுக்குத் தெரியாதா?"

பெரியவர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. "தெரிஞ்சுமா கேட்டுக்கிட்டிருந்த? தினமும்?"

"நீங்க சொல்றப்போ நல்லா இருந்துச்சு" என்றார் அந்த அம்மா. "வீட்டுக்குள்ளயே இருக்கறவளுக்கு யாரு வந்து காத்தைப் பத்திச் சொல்றாங்க?"

அங்கே நிற்கக் கூடாது என்று ஏழுசாணுக்குத் தோன்றியது. வண்டியை எடுத்தாள். சீட்டில் உட்கார்ந்தாள். கீழே பார்த்தாள். நான் போகிறேன் என்று யாரிடமோ சொல்லிவிட்டு, தரையிலிருந்து இரண்டு கால்களையும் எடுத்துவிட்டாள்.

சூப்பர்வைசர் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார். தலை கலைந்து, கண்ணில் நீர் வழிய வந்து நின்றவளைப் பார்த்து என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார். அவள் புத்தகத்தை நீட்டினாள். அங்கேயே நின்று பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ரெண்டு பகுதியும் இனிமே உங்களுதுதான்க்கா" என்றார்.

சரி என்று தலையாட்டினாளே தவிர, அவளால் அங்கே நிற்க முடியவில்லை. ஒரு விஷயம் தெரியாமல் ஒரு மனுஷன் மேட்டு மேலே காத்திருக்கிறார். தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? வண்டியைத் திருப்பி மறுபடியும் ஏற்றத்தில் மிதித்தாள். பெரியவர் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"முதல்ல வயிறு தொண்டைக்கு வந்துடுது ஐயா" என்றாள், வண்டியை நிறுத்துவதற்குள். "அப்புறம் காதுல காத்து அடைச்சு ஒண்ணுமே கேக்கலை. யாரோ கத்துறாங்க, யாருன்னு பாத்தா நான்தான். கீழ போய் நின்னதும், இவ்வளவுதானா, தெரு இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா என்னன்னு கோபமா வருது."

"காத்து ஜிலுஜிலுங்கறதை மட்டும்தான் சொல்லியிருக்கேன். வயித்தை விட்டுட்டேன்" என்றார். பிறகு வண்டியின் மறுபக்கம் வந்து நின்று, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்தார். "ஏம்மா, இறங்குறப்போ எந்தப் பிரேக்கை முதல்ல பிடிக்கணும்?"

"பின் பிரேக்கை ஐயா. ஆனா முதல்ல சமதரை. எங்க வீட்டுக்காரர் பின்னால ஓடுவார், எனக்காக ஓடின பழக்கம் அவருக்கு இருக்கு."

மேலே ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது. "நல்ல பேன்டைப் போட்டுக்கிட்டு அதுல ஏறாதீங்க, சொல்லிட்டேன். மை பட்டா நீங்கதான் துவைக்கணும்."

பழைய பேன்டைத் தேடுவதற்காக அவர் அவசர அவசரமாக மாடிப்படி ஏறினார்.